கடைக் கதவும் குழந்தையின் விரலும்

மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைக்கிறோம். தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்க்கிறோம். கல்லாப்பெட்டிப் பூட்டுக்கு எண்ணெய் விடுகிறோம். காலை முதல் இரவு வரை நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடும் கடைக் கதவை மட்டும், அது கழன்று விழும்வரை சோதித்துப் பார்க்கும் வழக்கம் நம் தொழிலில் இன்னும் வேரூன்றவில்லை.

வரி, உரிமம், வாடகை, விலைவாசி என்று நாம் பேச வேண்டிய செய்திகள் ஏராளம். அவற்றுக்கிடையே கதவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று உறுப்பினர்கள் வியக்கக்கூடும். நாம் பேச வந்தது கதவிடுக்கில் நசுங்கும் குழந்தையின் விரலைப் பற்றி. சிறு குழந்தைகளுக்குக் கையில் ஏற்படும் காயங்களில் விரல் நுனிக் காயமே மிகுதி என்பதும், அதற்கு முதன்மையான காரணம் கதவு என்பதும் பல நாட்டு மருத்துவர்களும் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் உண்மை. அதிலும் நடக்கக் கற்றுக்கொண்ட பருவத்திலிருந்து பள்ளிக்குப் போகத் தொடங்கும் பருவம்வரை உள்ள குழந்தைகளே அதிகம் அகப்படுகிறார்கள். வீட்டுக் கதவில் நேர்வதை வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக் கதவில் நேர்வதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவே இக்கட்டுரையின் சாரம்.

விரல் நுனியின் மதிப்பை வணிகருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அரிசியை உள்ளங்கையில் கொட்டி விரலால் நெருடி ரகம் சொல்பவர்கள் நாம். துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து நூல் எண்ணைக் கணிப்பவர்கள் நாம். ரூபாய் நோட்டு நல்லதா கள்ளதா என்று பார்வைக்கு முன் விரலே சொல்லிவிடும். அந்த விரல் நுனியை ஒரு குழந்தை நம் வாசலில் இழக்கலாகாது.

கதவு மாறியது, கவனம் மாறவில்லை

பழைய கடைத்தெருக்களை நினைத்துப் பாருங்கள். அன்று கடைக்குப் பலகைக் கதவுகள் இருந்தன. ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்டிருக்கும். காலையில் வரிசையாகக் கழற்றி ஓரமாக அடுக்குவார்கள், இரவில் அதே வரிசையில் காடியில் நுழைப்பார்கள். நாள் முழுவதும் கடை திறந்தே கிடக்கும். வாடிக்கையாளர் கதவைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பின்னர் ஷட்டர் வந்தது. அதுவும் காலையில் ஒரு முறை ஏறும், இரவில் ஒரு முறை இறங்கும்.

குளிர்சாதன வசதி வந்த பிறகு நிலைமை அடியோடு மாறியது. குளிர் வெளியேறக் கூடாது என்பதற்காக வாசலில் கண்ணாடிக் கதவு வந்தது. அது தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காக மேலே டோர் குளோசர் அல்லது தரைக்குள் ஃப்ளோர் ஸ்பிரிங் வந்தது. ஜவுளிக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, இனிப்பகம், பல்பொருள் அங்காடி என்று சிறு ஊர்களிலும் இன்று கண்ணாடிக் கதவைப் பார்க்கிறோம். நாளுக்கு இரு முறை அசைந்த கதவு இன்று ஆள் வரும்போதும் போகும்போதும் அசைகிறது. ஆகவே கடைக் கதவு இன்று ஓர் இயந்திரம் என்றே சொல்ல வேண்டும். மாவு அரைக்கும் இயந்திரத்தின் பட்டைக்கு மறைப்புப் போடுகிறவர்கள் இந்த இயந்திரத்துக்கும் மறைப்புப் போட வேண்டாமா?

கீல் பக்கமே பெரிய ஆபத்து

கதவில் விரல் நசுங்குவது என்றால் தாழ்ப்பாள் பக்கத்தையே பெரும்பாலோர் நினைப்பார்கள். அங்கும் நசுங்கும் என்பது உண்மை. ஆனால் கடுமையான காயத்துக்கு அஞ்ச வேண்டிய இடம் கீல் பக்கம். காரணத்தை அறியப் பாக்குவெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டைப்பாக்கை நுனியில் வைத்தால் வெட்டுவது கடினம். ஆணி இருக்கும் மூட்டுக்கு அருகில் வைத்து, கைப்பிடியின் கடைசியில் லேசாக அழுத்தினால் இரண்டு துண்டாகும். கதவும் அப்படியே. கீலிலிருந்து கைப்பிடி 80 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் விரல் கீலிலிருந்து 2 சென்டிமீட்டரில் இருக்கிறது. கைப்பிடியில் ஒருவர் 2 கிலோ அளவுக்கு அழுத்தினாலே விரலின் மேல் 40 மடங்கு, அதாவது ஏறத்தாழ 80 கிலோ அளவு விசை இறங்கும். வளர்ந்த ஓர் ஆள் அந்தப் பிஞ்சு விரலின் மேல் ஏறி நிற்பதற்கு இது சமம். கதவை மூடுகிறவருக்கோ ஏதோ சற்று இறுக்கமாக இருப்பதுபோல்தான் தோன்றும். இன்னும் கொஞ்சம் அழுத்துவார்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மூடிய கதவின் கீல் பக்கத்தில் ஒரு தாள் நுழைவதே கடினம். அதே கதவைத் திறந்தால் கதவுக்கும் நிலைக்கும் இடையே ஆப்பு வடிவில் இடைவெளி விரிகிறது. பெரியவரின் விரலே அதில் தாராளமாக நுழையும். குழந்தைக்கு இடுக்கு என்றாலே விரலை விட்டுப் பார்க்கும் ஆசை. நிற்கும்போது பிடிமானத்துக்கு நிலையைப் பற்றிக்கொள்வதும் குழந்தைகளின் இயல்பு. விரல்களில் நடுவிரல் நீளமானது என்பதால் அதுவே பெரும்பாலும் முதலில் அகப்படுகிறது.

குழந்தையின் விரல் நுனியில் நகமும், அதன் கீழ் நகப்படுகையும், அதற்கடியில் மெல்லிய எலும்பும் நெருக்கமாக அமைந்துள்ளன. எலும்பின் அடிப்பகுதியில் வளர்ச்சித் தகடு இருக்கிறது. விரல் நீளமாக வளர்வது அதனால்தான். கதவில் நசுங்கும்போது சில வேளைகளில் நகம் வேரோடு பெயர்வதுடன் வளர்ச்சித் தகட்டிலும் முறிவு ஏற்படும். 1966-இல் இதை விளக்கி எழுதிய சீமோர் என்னும் மருத்துவரின் பெயராலேயே இம்முறிவு அழைக்கப்படுகிறது. வெளிப்பார்வைக்கு நகம் மட்டும் பெயர்ந்ததுபோல் தெரியும். கவனியாமல் விட்டால் எலும்பில் சீழ் பிடிக்கலாம், நகம் கோணலாக முளைக்கலாம், விரலின் வளர்ச்சி குன்றலாம். ‘நகம்தானே, தானாக முளைக்கும்’ என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடுவது தவறு என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

‘தாய் பார்த்துக்கொள்ளக் கூடாதா?’

இப்படி ஒரு விபத்து நேர்ந்தால் கடையில் எழும் முதல் குரல் இதுவாகத்தான் இருக்கும். பிள்ளையைக் கண்காணிப்பது பெற்றோர் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாய் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதையும் எண்ண வேண்டும். ஒரு கையில் பை. மறு கையில் பணப்பையோ கைப்பேசியோ. கல்லாவில் நாம் சொல்லும் தொகையைக் கேட்டு எண்ணித் தருகிறார், அல்லது க்யூஆர் அட்டையை நோக்கிக் கைப்பேசியைப் பிடிக்கிறார். கணக்கு சரியா, சரக்கு சரியா என்று பார்க்கிறார். அவருடைய கவனம் முழுவதையும் நம் பக்கம் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. குழந்தையின் கை விடுபடுவதும் அதே நேரம்தான்.

கை விடுபட்ட குழந்தை எங்கே போகிறது? நாம் எங்கே அழைக்கிறோமோ அங்கே போகிறது. தின்பண்டப் பாக்கெட் சரங்களைக் கதவு நிலையின் ஓரத்தில்தான் தொங்கவிடுகிறோம். பலூனும் பந்தும் பிளாஸ்டிக் பொம்மையும் வாசலில்தான் ஆடுகின்றன. மிட்டாய் ஜாடிகள் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கின்றன. வியாபார நோக்கில் இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கீல் பக்கத்தில் சரத்தைத் தொங்கவிட்டுவிட்டு, குழந்தை அங்கு வந்து நின்றது தாயின் குற்றம் என்று சொல்வது நியாயமாகாது.

உள்ளே வருகிறவர் நிலையும் இதுவே. கண்ணாடிக் கதவு என்பதன் நன்மையே மறுபக்கம் தெரிவதுதான். தள்ளுபடி அறிவிப்பு, புது வரவு, அட்டைக் கட்டணச் சலுகை என்று கதவின் கீழ்ப்பாதியை ஒட்டிகளால் மூடிவிட்டால், அதற்குப் பின்னால் நிற்கும் இரண்டரை அடி உயரக் குழந்தை எவர் கண்ணுக்கும் படாது. தள்ளுகிறவர் தவறு செய்யவில்லை. அவர் பார்க்க வழி இல்லை.

உடனே செய்யக்கூடியவை

முதலாவது, கீல் பக்கத்துக்கு மறைப்பு. கதவின் உயரத்துக்கு நெடுகப் பொருத்தும் விரல் காப்புப் பட்டைகள் சந்தையில் கிடைக்கின்றன. ஒரு விளிம்பு கதவிலும் மறு விளிம்பு நிலையிலும் ஒட்டப்படும் அல்லது திருகப்படும். கதவு திறந்தால் பட்டை விரியும், மூடினால் மடியும். எந்த நிலையிலும் இடுக்கு வெளியே தெரியாது. கதவின் இரு புறமும் பொருத்துவதே சிறந்தது. தரையிலிருந்து குறைந்தது நான்கு அடி உயரத்துக்காவது மறைப்பு வேண்டும். மரக்கதவாக இருந்தால், தடித்த ரெக்சின் அல்லது கான்வாஸ் பட்டையைக் கதவுக்கும் நிலைக்கும் இடையே தளர்வாக வைத்து, இரு விளிம்பிலும் மரச் சட்டம் வைத்து அடிக்கும்படி நம் தச்சரிடமே சொல்லலாம். கதவு முழுவதும் திறக்கும் அளவுக்குப் பட்டை தளர்வாக இருக்கிறதா, மூடும்போது இடுக்கில் சிக்காமல் மடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, கதவு மூடும் வேகம். டோர் குளோசரின் பக்கவாட்டில் சிறு திருகாணிகள் உண்டு. பெரும்பாலான வகைகளில் ஒன்று கதவு வந்து சேரும் வேகத்தையும், மற்றொன்று கடைசியில் தாழ் விழும் வேகத்தையும் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகளின்படி, 90 பாகைக்குத் திறந்த கதவு 12 பாகை அளவுக்கு மூடி வரக் குறைந்தது 5 விநாடி ஆக வேண்டும். நம் கடைக் கதவையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். கதவை நன்றாகத் திறந்து கையை விட்டுவிட்டு, நிதானமாக ஒன்று முதல் ஐந்துவரை எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கதவு வந்து அடித்தால் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஒரேயடியாகக் கழற்றினால் உள்ளேயுள்ள எண்ணெய் வெளியேறிவிடும். தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தால் குளோசரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதை மாற்றிவிட வேண்டும்.

இங்கு ஒரு எச்சரிக்கை தேவை. மெதுவாக மூடும் கதவு தாழ்ப்பாள் பக்கத்து ஆபத்தைக் குறைக்கும். கீல் பக்கத்தில் மெதுவாக மூடினாலும் பாக்குவெட்டி பாக்குவெட்டிதான். ஆகவே குளோசர் இருக்கிறது என்பதற்காக மறைப்பை விட்டுவிடலாகாது.

மூன்றாவது, காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் மூதுரை. ஆடித் தள்ளுபடியில் கடை நிறையக் குழந்தைகள் வருவதும் அதே மாதத்தில்தான். பின்வாசலும் முன்வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் நடுவிலுள்ள கதவுகள் பேரிரைச்சலோடு அறையும். திறந்து வைக்க வேண்டிய கதவைச் சுவரில் கொக்கி போட்டு மாட்ட வேண்டும். செங்கல்லோ எடைக்கல்லோ முட்டுக் கொடுத்தால் போதாது. குழந்தை அதையே நகர்த்தி விளையாடும். கதவின் மேல் விளிம்பில் செருகும் நுரைத் தடுப்பான், கதவு முழுதாக மூடாமல் ஒரு விரல்கடை இடைவெளியில் நிறுத்திவிடும். ஒப்பனை அறை, கிடங்கு அறை போன்ற உள் கதவுகளுக்கு அது மிகவும் ஏற்றது. தீ விபத்தின்போது வெளியேறும் வழிக் கதவுக்கு மட்டும் கொக்கியோ முட்டோ தடுப்பானோ போடக் கூடாது.

நான்காவது, பார்வை. கண்ணாடிக் கதவில் முழங்கால் உயரத்திலிருந்து நெஞ்சு உயரம்வரை எந்த ஒட்டியும் இல்லாமல் விட்டுவிடுங்கள். கண்ணாடி இருப்பதைக் காட்ட மெல்லிய கோடு ஒன்று போதும். சரங்களையும் பொம்மைகளையும் கீல் பக்கத்திலிருந்து எடுத்துக் கல்லாவுக்கு அருகில், தாயின் கைக்கெட்டும் இடத்தில் மாட்டுங்கள். விற்பனை குறையாது. குழந்தை கேட்கும் இடத்திலேயே தாயும் நிற்பதால் கூடினாலும் கூடும்.

ஐந்தாவது, ஷட்டரும் மடிப்புக் கேட்டும். பகல் உணவு வேளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவைப்பது எங்கும் காணும் பழக்கம். கீழே குனிந்து ஓடுவதும், கீழ்ப்பட்டையைப் பிடித்துத் தொங்குவதும் குழந்தைகளுக்கு விளையாட்டு. ஸ்பிரிங் தளர்ந்த ஷட்டர் எப்போது இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஷட்டர் முழுதாக ஏறியிருக்க வேண்டும், அல்லது முழுதாக இறங்கியிருக்க வேண்டும். இழுக்கும் முன் ‘ஷட்டர் இறங்குது’ என்று ஒரு குரல் கொடுப்பதைப் பணியாளர்களுக்குப் பழக்கப்படுத்த வேண்டும். மின்விசை ஷட்டராக இருந்தால், இறங்கி முடியும்வரை பொத்தானை இயக்குகிறவர் வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்தபடி ரிமோட்டை அழுத்தும் வழக்கம் வேண்டாம். மடிப்புக் கேட்டின் குறுக்குச் சட்டங்கள் கத்தரிக்கோலைப்போல் சேரக்கூடியவை. கடை திறந்திருக்கும் நேரத்தில் அதை முழுவதும் மடித்துச் சங்கிலியால் கட்டிவிட்டால் அது அசையாது. அதை இழுப்பதும் தள்ளுவதும் பெரியவர்கள் வேலை. ‘தம்பி, கேட்டை இழு’ என்று வாடிக்கையாளரின் பையனிடமோ, பள்ளி விட்டு வந்த நம் பிள்ளையிடமோ சொல்லக் கூடாது.

குளிர்பானப் பெட்டியின் கதவையும் மறந்துவிட வேண்டாம். அண்ணன் கதவைத் திறந்து பாட்டிலை எடுக்கும்போது, தங்கையின் கை கீல் பக்கத்தில் இருப்பது அன்றாடக் காட்சி. பெட்டியின் கீல் பக்கத்தைச் சுவரையோ அலமாரியையோ ஒட்டி வைத்தால் அந்தப் பக்கம் குழந்தை போக வழியிராது. ஐஸ்கிரீம் பெட்டியின் நகரும் கண்ணாடி மூடிகளுக்கு முனையில் ரப்பர் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்து விழுந்திருந்தால் புதிது கேட்டுப் போடுங்கள்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு சொல்

‘எங்கள் கடைக்குக் குழந்தைகள் வருவதில்லை’ என்று மொத்த வியாபாரிகள் சொல்லக்கூடும். மதுரைக் கீழமாசி வீதியிலும், சென்னைச் சவுக்கார்பேட்டையிலும், அவை போன்ற பழைய கடைவீதிகளிலும் கீழே கடையும் மேலே வீடுமாக வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கிடங்கின் இரும்புக் கதவு, சரக்கு வண்டியின் பின் தட்டு, காரின் கதவு இவையெல்லாம் கண்ணாடிக் கதவைவிடக் கனமானவை. மாலையில் கணக்குப் பார்க்கும் நேரத்தில் பேரப் பிள்ளைகள் மூட்டைகளுக்கிடையே ஓடி விளையாடுவதும் நாம் அறியாததல்ல. பின் தட்டை மூடுகிறவர் இரு ஓரங்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு மூட வேண்டும். கார்க் கதவை மூடும் முன் எல்லாக் குழந்தைகளின் கைகளும் மடியில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிடங்குக் கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். சுமைதூக்கும் தொழிலாளருக்கும் இது பாதுகாப்பு.

அடிபட்டுவிட்டால்

எல்லாம் செய்தும் ஒரு நாள் விபத்து நேரலாம். அப்போது கடையிலுள்ள ஒருவருக்காவது செய்ய வேண்டியது தெரிந்திருக்க வேண்டும்.

விரலைப் பிடித்து இழுக்காமல் கதவை எதிர்ப்பக்கம் திறந்து கையை விடுவிக்க வேண்டும். ஓடும் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி மெல்ல அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். மோதிரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. தொங்கும் நகத்தைப் பிய்க்கக் கூடாது. அழுகையை நிறுத்தச் சாக்லேட்டோ குளிர்பானமோ கொடுக்கவும் கூடாது. அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு வெறுமையாக இருப்பது நல்லது.

நுனி துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுக்க வேண்டும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த வேறொரு பையில் வைத்துக் குழந்தையுடனேயே அனுப்ப வேண்டும். பனிக்கட்டி துண்டின் மேல் நேராகப் படக் கூடாது. 108 வண்டியை அழைக்கலாம், அல்லது நம் வண்டியிலேயே கொண்டுபோகலாம். நகம் பெயர்ந்திருந்தாலும், நகத்தின் கீழ் இரத்தம் கட்டியிருந்தாலும், விரல் வளைந்திருந்தாலும் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். கை அறுவைச் சிகிச்சையில் நாடறிந்த மையங்கள் நம் மாநிலத்திலேயே உள்ளன. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையும் கோவை கங்கா மருத்துவமனையும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அருகிலுள்ள மருத்துவமனை எது, அதன் தொலைபேசி எண் என்ன என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவைப்பது நலம்.

யார் மேல் தவறு என்ற பேச்சை அந்த நேரத்தில் எடுக்கவே கூடாது. கடையில் ஒருவர் உடன் செல்ல வேண்டும். மாலையில் விசாரித்து ஒரு தொலைபேசி செய்ய வேண்டும். விற்ற சரக்குக்கே பொறுப்பேற்கும் நாம் இந்த அளவு கூடச் செய்யாமல் இருக்கலாமா?

சிறு விபத்தே எச்சரிக்கை

கதவால் வரும் ஆபத்து நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் நடந்த ஒரு நிகழ்ச்சி வணிகர் அனைவருக்கும் பாடம். 2004 மார்ச்சு 26 அன்று டோக்கியோவில் ரோப்போங்கி ஹில்ஸ் வணிக வளாகத்தின் தானியங்கிச் சுழல் கதவில் சிக்கி ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். விசாரித்தபோது, அதற்கு முன்னரே அங்குச் சுழல் கதவுகளில் பல சிறு விபத்துகள் நடந்திருந்தது தெரியவந்தது. அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டு கதவைத் திருத்தியிருந்தால் அந்தச் சிறுவன் பிழைத்திருப்பான். கட்டடப் பொறுப்பாளர்களும் கதவு நிறுவனத்தாரும் 2005-இல் நீதிமன்றத்தால் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டார்கள். யோதாரோ ஹாதாமுரா என்னும் பொறியியல் பேராசிரியர் ஒரு குழு அமைத்து, சுழல் கதவோடு நில்லாமல் பல வகைக் கதவுகளின் விசையையும் அளந்து ஆராய்ந்தார்.

நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. ‘நல்ல வேளை, தப்பித்தது’ என்று சொல்லி மறந்துவிடும் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அடுத்த விபத்துக்கான முன்னறிவிப்பு. குழந்தை வீறிட்டு அழுது, பிறகு காயமில்லை என்று தெரிந்து எல்லோரும் சிரித்த நாளன்று மாலையே அந்தக் கதவைச் சரிசெய்ய வேண்டும். தினக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவைத்தால், எந்தக் கதவு திரும்பத் திரும்பத் தொல்லை தருகிறது என்பது தானே விளங்கும்.

செலவும் பொறுப்பும்

இதற்கெல்லாம் பெருஞ்செலவு ஆகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. குளோசரின் திருகாணியைத் திருப்பச் செலவே இல்லை. சரத்தை இடம் மாற்றவும் ஒட்டியைப் பிய்க்கவும் செலவில்லை. கொக்கிக்கும் நுரைத் தடுப்பானுக்கும் ஆகும் தொகை நாம் ஒரு நாளில் தேநீருக்குச் செலவிடுவதுதான். விரல் காப்புப் பட்டைக்கு மட்டும் சற்றுக் கூடும். முகப்பு அலங்காரத்துக்கும் ஒளிப் பலகைக்கும் நாம் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் அது பொருட்டன்று. பட்டை ஒட்டினால் கதவின் அழகு கெடும் என்று சிலர் கருதலாம். கதவின் வண்ணத்திலேயே கேட்டு வாங்கினால் அந்தக் குறையும் இராது.

வாடகைக் கடை என்பதும் தடையாகாது. பட்டையும் கொக்கியும் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவை. நிலையே ஆட்டம் கண்டிருந்தாலோ ஷட்டர் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ கட்டட உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வணிக வளாகங்களில் பொதுவான கதவும் மின்தூக்கிக் கதவும் எவர் பொறுப்பு என்பதைக் கடைக்காரர்கள் கூடி முடிவு செய்துகொள்வது நல்லது.

கடைக்காரர்களுக்கான காப்பீட்டுத் திட்டங்களில், தீ, திருட்டு இவற்றோடு, கடைக்கு வரும் பிறருக்கு நேரும் காயத்துக்கான பொதுப் பொறுப்புப் பிரிவையும் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. உங்கள் பத்திரத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று முகவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் காப்பீடு பணத்தைத் தரும், விரலைத் தராது. முதல் வேலை கதவைச் சரிசெய்வதே.

சங்கங்கள் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே அலைவதைவிடச் சங்கங்கள் முன்வந்தால் வேலை எளிதாக முடியும். கிளைச் சங்கங்களின் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்க வேண்டுகிறோம். விரல் காப்புப் பட்டைகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அடக்க விலைக்கு உறுப்பினர்களுக்கு வழங்கலாம். இரும்புக்கடை, வன்பொருள் வணிகம் செய்யும் உறுப்பினர்கள் இச்சரக்கைத் தவறாமல் இருப்பு வைக்கலாம். கேட்பார் இல்லை என்பதால் வைப்பதில்லை, வைப்பதில்லை என்பதால் கேட்பார் இல்லை என்ற நிலையை மாற்ற வேண்டியவர்களும் நாமே. ஷட்டர் பழுது பார்ப்பவர், தச்சர், கண்ணாடிக் கதவு பொருத்துபவர் ஆகியோரை அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு முழுவதும் வரிசையாகப் பார்த்துத் தரச் சொல்லலாம். ஒருவருக்கு ஆகும் செலவைப் பலர் பகிர்ந்துகொண்டால் கூலியும் குறையும்.

தராசைச் சோதிக்க அதிகாரி வருவார். உணவுப் பொருளைச் சோதிக்க அதிகாரி வருவார். நம் கதவின் கீலைச் சோதிக்க எவரும் வரப்போவதில்லை. ஆகவே அந்த அதிகாரியாக நாமே இருப்போம். இந்த வாரம் கடை திறந்ததும், கல்லாவில் உட்காரும் முன், வாசலில் முழங்காலிட்டு, ஒரு மூன்று வயதுக் குழந்தையின் கண் உயரத்திலிருந்து நம் கதவைப் பாருங்கள். எங்கெங்கே விரல் நுழையும் என்பது அப்போது தெரியும். தெரிந்த இடங்களைத் தீபாவளி, பொங்கல் கூட்டம் வருமுன் மூடிவிடும்படி உறுப்பினர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.